வெட்டின் குடும்பம்: எர்னஸ்ட் கிளையா, ஆல்பிரெக்ட் கிளையா?

ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட வெட்டின் குடும்பம் 1485-ல் பாகம் பிரிந்தது. அண்ணன் எர்னஸ்ட், தம்பி ஆல்பிரெக்ட் பெயரில் இரண்டு கிளைகள். இவற்றில் எது பெரிது?

புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அண்ணன் கிளைக்குப் போனது. கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரை 1521-ல் வார்ட்புர்க் கோட்டையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் எர்னஸ்டின் மகன் பிரெடரிக். தாடி வளர்த்து, வேறு பெயரில் அங்கே தங்கிய லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இந்தக் குடும்பம் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

1547-ல் மூல்பெர்க் போரில் அண்ணன் கிளை தோற்றது. தேர்வுரிமை, பேரரசர் பக்கம் நின்ற தம்பி கிளையின் மோரிட்ஸ் கைக்கு மாறியது.

அப்புறம் தம்பி கிளையின் தலைநகர் டிரெஸ்டனின் பொற்காலம். அந்தக் கிளையின் அகஸ்டஸ் 1697-ல் போலந்து அரசரானார், அதற்காகக் கத்தோலிக்கராக மாறினார். பீங்கான் மேல் அவருக்கு அப்படியொரு பித்து: 1717-ல் 600 குதிரைவீரர்களைப் பிரஷ்ய அரசரிடம் கொடுத்து 151 சீனப் பீங்கான்களை வாங்கினார். மைசன் பீங்கான் ஆலையும் 1710-ல் அவர் தொடங்கியதே.

சிறு சிறு நாடுகளாகச் சிதறிய அண்ணன் கிளையோ திருமணங்களால் எழுந்தது. அந்த நாடுகளில் ஒன்றான கோபர்க்கின் லியோபோல்ட் 1831-ல் பெல்ஜியத்தின் முதல் அரசர். அவர் அண்ணன் மகன் ஆல்பர்ட் 1840-ல் பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவை மணந்தார்.

கலைக்குத் தம்பி கிளை, சரி. வரலாற்றில் பதித்த தடத்துக்கு என் ஓட்டு அண்ணன் கிளைக்கே. பெல்ஜியத்தில் இன்றும் லியோபோல்டின் வழித்தோன்றல்தான் அரசர்.