அலைச்சறுக்குப் பலகைக்கு நீராவி: செம்புச் சுருளா, ஊசல் சிலிண்டரா?

கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கு பழகுபவர்களைக் கரையில் உட்கார்ந்து சிறிது நேரம் கவனித்தால், அவர்கள் பலகையின்மீது நிற்கும் நேரத்தைவிட, அதன்மீது குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் துழாவும் நேரமே மிக அதிகம் என்பது புரியும். அலை கிடைத்துவிட்டால் மீதி வேலையை அலையே பார்த்துக்கொள்கிறது. அலை வரும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. என்னோடு உட்கார்ந்திருந்த தங்கை மகன், "மாமா, அதுவரைக்கும் தள்ளிட்டுப் போக ஒரு இன்ஜின் வச்சா என்ன?" என்று கேட்டான். திருவிழாக் கடைகளில் விற்கும், உள்ளே விளக்கேற்றினால் படபடவென்று ஓடும் தகரப் படகு அவன் நினைவில் இருந்திருக்க வேண்டும். பால்சா மரத்தில் 45 செ.மீ. நீளமுள்ள ஒரு பலகையைச் செதுக்கி, அதன்மேல் ஒரு களிமண் வீரனை நிறுத்தி, ஊசல் சிலிண்டர், செம்புச் சுருள் ஆகிய இரண்டு வகை நீராவி இன்ஜின்களையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். இப்போது பலகையில் இருப்பது செம்புச் சுருள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊசல் சிலிண்டர் பார்வைக்கு அழகானது. கொதிகலனிலிருந்து வரும் நீராவி பிஸ்டனைத் தள்ள, சிலிண்டரே தன் அச்சில் இப்படியும் அப்படியும் ஆடி, நீராவி நுழையும் துளையையும் வெளியேறும் துளையையும் தானே மாறி மாறித் திறந்துகொள்கிறது. தனி வால்வு தேவையில்லை. சுழலித் (propeller) தண்டு ஒரே சீராகச் சுற்றுவதால், அசைவில்லாத நீரில் இதன் வேகத்துக்குச் சுருள் ஈடாகாது. விலையும் எடையும் சுருளுக்குத்தான் குறைவு. பிறகு விற்க நினைத்தால் பித்தளை இன்ஜினை வாங்க ஆளிருக்கும், சுருளைப் பழைய செம்பு எடைக்குத்தான் போட வேண்டும். இவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சுருளில் அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. மெல்லிய செம்புக் குழாயை இரண்டு மூன்று சுற்றுகளாக வளைத்து, உள்ளே நீரை நிரப்பி, இரு முனைகளையும் நீருக்குள் பின்னோக்கி விட்டு, சுருளின் அடியில் மெழுகுவர்த்தியை ஏற்றினால் போதும். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, குழாயிலுள்ள மீதி நீரைப் பின்பக்கமாகப் பீய்ச்சுகிறது; ஆவி குளிர்ந்து சுருங்கும்போது நீர் மறுபடியும் உள்ளே ஏறுகிறது. வெளியேறும் நீர் ஒரே திசையில் தாரையாகப் பாய்வதும், உள்ளே வரும் நீர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சேர்வதுமே பலகை முன்னோக்கி நகரக் காரணம். இத்தகைய படகுக்கு 1891ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரரான தாமஸ் பியோ பிரிட்டனில் காப்புரிமை கோரியிருக்கிறார். சுருள் வடிவத்துக்கு 1920இல் வில்லியம் பர்செல் விண்ணப்பித்தார். குழாயை அப்படியே வளைத்தால் மடிந்து நசுங்கிவிடும். செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கிய பிறகு, உள்ளே பொடியுப்பை நெருக்கமாக நிரப்பி ஒரு பென்சிலைச் சுற்றி வளைத்தேன். பிறகு உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறிவிட்டது. ஃபிரிட்ஜ் மெக்கானிக் முதலில் கொடுத்த கேப்பிலரிக் குழாயின் துளை ஊசி அளவே இருந்ததால் அது உதவவில்லை, 4 மி.மீ. குழாய்தான் எனக்குச் சரியாக வந்தது. ஒரேயொரு மனக்குறை, சத்தம் இல்லாததுதான். தகரப் படகின் படபடப்பு அதன் மெல்லிய தகட்டிலிருந்து வருவது. சுருளில் வெறும் நடுக்கம் மட்டுமே தெரியும். தங்கை மகனுக்கு இது இன்றுவரை ஏமாற்றம்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஊசல் சிலிண்டரின் உயிர், சிலிண்டரும் அதைத் தாங்கும் தகடும் உரசும் அந்தச் சமதளத்தில் இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகள் புகுந்தாலும் கீறல் விழுந்து நீராவி கசியத் தொடங்கிவிடும். கடற்கரையில் மணல் இல்லாத இடத்தை எங்கே தேடுவது? ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எண்ணெய் விட வேண்டும், அந்த எண்ணெய் வெளியேறும் நீராவியோடு தெறித்துப் பலகையெங்கும் படியும். எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிகலனில் ஊற்றினால் உப்புக்காறை கட்டும் என்பதால், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையே வாங்கி ஊற்றினேன். ஓட்டம் முடிந்ததும் சிலிண்டரைக் கழற்றி, துடைத்து, உலர்த்தி, மறுபடி எண்ணெய் பூசி வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுப்பில் அப்படியே பையில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் எடுத்தபோது பித்தளையில் பச்சை பூத்திருந்தது, எஃகுத் தண்டு துருவேறிச் சுற்ற மறுத்தது. பத்து நிமிட ஓட்டத்துக்காக முக்கால் மணி நேரத் துடைப்பு என்பது இரண்டாவது வாரத்திலேயே சலித்துவிட்டது.

சுருளுக்குக் கடல்நீர் ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். கடல்நீர் உள்ளேயே ஆவியாவதால், சூடேறும் பகுதியில் உப்பு படியத்தான் செய்கிறது. ஆனால் ஒரு சிரிஞ்சில் நல்ல தண்ணீரை எடுத்து ஒரு முனையில் அழுத்தினால் மறு முனை வழியாக அது கரைந்து வந்துவிடும். எப்போதாவது போர் தண்ணீரின் காறை பிடித்துக்கொண்டால் வினிகரைச் செலுத்தி அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுகிறேன். செம்பு என்றதும் புளியைக் கரைத்து விடலாம் என்று அம்மா சொன்னார். சக்கை அடைத்துக்கொள்ளும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

சுருளின் உண்மையான பலவீனம் அலையில்தான் தெரிந்தது. பலகையின் மூக்கு கீழே குத்தும்போது பின்முனை நீருக்கு மேலே எழும்புகிறது. குழாயின் வாய் காற்றை உறிஞ்சிவிட்டால் இன்ஜின் அதோடு நின்றுவிடும். குழாயின் முனைகளைப் பலகையின் அடிப்பக்கமாக இறக்கி, அங்கே மீன் செதிள்போல நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பின் (fin) இரு பக்கமும் ஒட்டியபடி பதித்த பிறகு இது பெரிதும் குறைந்தது. அந்தத் துடுப்பும் அவசியமானது. 1935இல் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் நிஜப் பலகைகளில் அதைப் பொருத்திப் பார்க்கும்வரை, பலகையின் பின்பக்கம் வழுக்கிச் சுழலுவதைக் காலாலேயே சமாளித்திருக்கிறார்கள். களிமண் வீரனால் அது முடியாது.

முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் அமைதியான நீரில் பல ஓட்டங்கள் பார்த்துவிட்டேன். கடலலையில் பார்த்தது இரண்டே மாலைகள், அதுவும் முழங்கால் உயரத்துக்கும் குறைவான கரையலையில். பதினொரு முயற்சிகளில் இரண்டு முறை பலகை அலையின்மேல் ஏறிக் கரைவரை வழுக்கி வந்தது. மற்ற ஒன்பது முறையும் கவிழ்ந்து மெழுகுவர்த்தி அணைந்தது. எடுத்து உதறி, சிரிஞ்சால் நீரை நிரப்பி, மறுபடி பற்றவைத்தோம். கொதித்துக்கொண்டிருக்கும் கொதிகலனோடு ஊசல் சிலிண்டரை அப்படிக் கவிழவிட எனக்குத் துணிவு வரவில்லை, ஆகவே அலையில் அதன் திறமை எப்படியிருக்கும் என்பதற்கு என்னைச் சாட்சியாகக் கொள்ள வேண்டாம்.