கூடாரம்: மலிவா, தரமா?

பெங்களூரிலிருந்து கனகபுரா பக்கம் முகாம் போட இரண்டு கூடாரம் வைத்திருக்கிறோம், ஒன்று ஆன்லைனில் ரூ.2,000-க்கு வாங்கியது, இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு விலை. மலிவானதில் தையல் மேல் டேப்பே ஒட்டவில்லை, ஆடி மழைக்கு மூலையில் ஊசித்துளை வழியாக முத்து முத்தாகத் தண்ணீர் இறங்கியது. ஒற்றைத் துணி வேறு, மழையே இல்லாவிட்டாலும் நம் மூச்சுக்காற்றின் ஈரம் விடியற்காலையில் தலையில் சொட்டும். விலை கூடியதில் வெளித்துணி தனி, ஈரம் அதோடு நின்றுவிடுகிறது. அலுமினியக் கம்பி காற்றுக்கு வளைந்து நிமிர்கிறது. ஃபைபர்கிளாஸ் கம்பி பிளந்தால் கையில் சிலாம்பு ஏறும். மழைக்காலத்துக்கு வாங்குகிறீர்களென்றால் நீர்தாங்கும் அளவு (துணி கசியாமல் தாங்கும் தண்ணீரின் உயரம்) 2,000 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், வெறுமனே 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். ஜனவரியில் மட்டும் போகிறவர்களா? சரி, மலிவானதே போதும், அடியில் விரிக்க ஒரு தார்ப்பாய் மட்டும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.