கடைசிப் பெயர்: ‘பாக்கி உண்டு’ – ஓப்பன்ரிஃபைன் பற்றி ஒரு மதிப்பீடு

தொடர்பு மேலாண்மை மென்பொருள் விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியத்தை நான் நம்புவதே இல்லை: “சிஎஸ்வி கோப்பை ஏற்றினால் போதும், பத்து நிமிட வேலை.” சிஎஸ்வி என்பது காற்புள்ளிகளால் பிரித்து வெறும் எழுத்தாக எழுதிய அட்டவணைக் கோப்பு. அதை ஏற்றுவது பத்து நிமிடம்தான். யாருடைய எண் யாருடைய பெயருக்கு எதிரே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பிறகு தேடுவதற்குத்தான் மாதக்கணக்காகும். எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் பட்டியல் என் பொறுப்பு. அண்மையில் பழைய மென்பொருளைக் கைவிட்டுப் புதியதற்கு மாறினோம். அந்த இரண்டைப் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை. அவை வரும், போகும். நடுவில் நின்று உழைத்தது, குழம்பிக் கிடக்கும் பட்டியல்களைச் சுத்தம் செய்யும் ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள். இந்த மதிப்பீடு அதற்கு.

2010இல் மெட்டாவெப் என்ற நிறுவனம் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் இதை வெளியிட்டது. அதே ஆண்டில் அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கியதும் கூகுள் ரிஃபைன் ஆயிற்று. 2012இல் தன்னார்வலர்கள் கைக்கு வந்து இன்றைய பெயரைப் பெற்றது. இலவசம், திறந்த மூலம். பிரவுசரில் திறந்தாலும் தரவு நம் கணினியைவிட்டு வெளியே போவதில்லை. எனக்கு இது பெரிய விஷயம். நம்மை நம்பி வாடிக்கையாளர்கள் கொடுத்த கைபேசி எண்களை, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ‘இலவச மாற்றி’ இணையதளங்களில் கூசாமல் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கோப்பைத் திறக்கும் இடம். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால் என்ன ஆகும் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யம் உதிர்ந்துவிடும். நீளமான எண்கள் அறிவியல் குறியீடாகச் சுருங்கும். பதினைந்து இலக்கத்தைத் தாண்டினால் மிச்சமெல்லாம் பூஜ்யம். அப்படியே சேமித்தால் இழந்தது இழந்ததுதான். ஓப்பன்ரிஃபைனில் கோப்பு உள்ளே போவதற்கு முன்பே ஒரு முன்னோட்டம் வருகிறது. எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றியவுடன் சிதைந்து கிடந்த தமிழ்ப் பெயர்கள் அங்கேயே நேராவதைப் பார்க்கலாம். எண்களைத் தானாக இனங்காணும் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் எல்லாம் வெறும் எழுத்தாகவே உள்ளே வரும். முகவரிக்குள் இருக்கும் காற்புள்ளியும் குறிப்புக்குள் இருக்கும் வரிமுறிவும் நெடுவரிசைகளைக் கலைத்திருந்தால் அதுவும் இங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

இதன் உயிர்நாடி ‘ஃபேசெட்’ என்ற வசதி. ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்தால் அதில் உள்ள வெவ்வேறு மதிப்புகள் அனைத்தையும், ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கோடு பக்கத்தில் அடுக்கிவிடும். ஊர்ப் பெயரில் இதைச் செய்து பார்த்தேன். ஒரே ஊர் நான்கு எழுத்துக்கூட்டல்களில் நின்றது. ஐந்தாவதாக, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியோடும் நின்றது. பட்டியலிலேயே ஒன்றைத் திருத்தினால் அந்த மதிப்பு வரும் எல்லா வரிசைகளிலும் மாறிவிடுகிறது.

கடைசிப் பெயர் நெடுவரிசைதான் உண்மையான தரிசனம். ‘பாக்கி உண்டு’ என்ற கடைசிப் பெயருடன் ஒரு பெரிய குடும்பமே இருந்தது. ‘பழைய நம்பர்’ வகையறா தனி. ‘கூப்பிட வேண்டாம்’ என்பவருக்கு மூன்று மின்னஞ்சல் முகவரிகள். பழைய மென்பொருளின் முகப்புத் திரையில் பெயர் மட்டுமே தெரியும் என்பதால், விற்பனைப் பிரிவினர் பார்க்க வேண்டிய செய்தியையெல்லாம் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். குறிப்பு எழுத வேண்டிய இடம் கைக்கு எட்டாமல் இருந்தால் யாரும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் இவை அப்படியே புதிய மென்பொருளுக்குப் போயிருந்தால், ‘அன்புள்ள பாக்கி உண்டு அவர்களுக்கு’ என்று தொடங்கும் வாழ்த்து மடல் தானாகவே கிளம்பியிருக்கும். ஃபேசெட்டில் அந்த மதிப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை ‘நிலை’ என்ற புதிய நெடுவரிசைக்கு நகர்த்தினேன்.

தொலைபேசி எண்களுக்கு ஒரு வரிக் கட்டளை போதும்: இலக்கம் அல்லாத எதுவானாலும் நீக்கு. அதற்கு முன் ‘/’ போட்டு ஒரே கட்டத்தில் திணித்த இரண்டு எண்களை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டி இருபது இலக்க எண் ஒன்று பிறக்கும். நாட்டுக் குறியீட்டையும் சேர்த்துப் பதினைந்து இலக்கங்களுக்கு மிகாமல் எழுதச் சொல்கிறது ஈ.164 என்ற சர்வதேச முறை. நீளத்தை அளக்கும் ஒரு ஃபேசெட் வைத்தால் மிகுந்ததும் குறைந்ததும் உடனே தனியே தெரிந்துவிடும்.

இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் ‘கிளஸ்டர்’ வசதியைப் பலர் புகழ்ந்து கேட்டிருக்கிறேன். எனக்குப் பாதிதான் உடன்பாடு. அதன் எளிய முறை நிறுத்தற்குறிகளை நீக்கி, சொற்களை வரிசைப்படுத்தி ஒப்பிடுகிறது. அதனால் ‘கி. செல்வம்’, ‘செல்வம் கி’, ‘செல்வம், கி.’ மூன்றும் ஒருவரே என்று சரியாகச் சொல்கிறது. ஆனால் இடைவெளி விடாமல் ‘கி.செல்வம்’ என்று எழுதியிருந்தால் புள்ளி போனதும் ‘கிசெல்வம்’ என்று ஒட்டிக்கொண்டு வேறு ஆளாகிவிடுகிறது. புள்ளிக்குப் பின் இடைவெளி சேர்த்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். உச்சரிப்பை வைத்து ஒப்பிடும் முறைகள் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளுக்காக எழுதப்பட்டவை. தமிழ் எழுத்தில் உள்ள பட்டியலுக்கு அவற்றால் பயனில்லை. எழுத்து வேறுபாட்டை எண்ணும் முறையைச் சற்றுத் தளர்த்தினால் செல்வமும் செல்வனும் ஒரே ஆள் என்று கூசாமல் பரிந்துரைக்கும். இது பரிந்துரைதான், தீர்ப்பு இல்லை. பெயரை நம்பி இணைக்காதீர்கள். மின்னஞ்சலும் ஒத்துப்போனால் மட்டும் இணையுங்கள். தொலைபேசி எண்ணைக்கூட நம்ப முடியாது. அப்பாவும் மகனும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள்.

தேதிகள்: 03/04 என்பது ஏப்ரலா மார்ச்சா என்று எந்த மென்பொருளும் ஊகிக்க விடக்கூடாது. எந்த வடிவம் என்று நாமே எழுதிக் கொடுத்து, ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு மாற்றிவிட வேண்டும்.

இனி, நான் இந்த மென்பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கான காரணம். செய்த ஒவ்வொரு மாற்றமும் இடப்பக்கத்தில் வரிசையாகப் பதிவாகிறது. எந்தப் படிக்கும் திரும்பிப் போகலாம் (திரும்பிப் போய் அங்கே புதிதாக ஏதாவது செய்தால் அதற்குப் பிந்தைய படிகள் அழிந்துவிடும், கவனம்). அந்தப் படிகளை ஜேசன் என்ற எழுத்து வடிவில் நகலெடுத்து வைத்து, வேறொரு கோப்பின்மேல் அப்படியே ஏவலாம். இதன் அருமை மென்பொருள் மாறியவர்களுக்குத்தான் தெரியும். நாம் சுத்தம் செய்துகொண்டிருக்கும் நாள்களிலும் பழைய மென்பொருளில் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். புதிய வாடிக்கையாளர்கள் வருவார்கள், எண்கள் மாறும். எனவே முதலில் எடுத்த கோப்பு ஒத்திகைக்கு மட்டுமே. மாறும் நாளன்று புதிதாக ஏற்றுமதி செய்து, சேமித்த படிகளை அதன்மேல் ஏவினால் ஒத்திகையில் செய்த உழைப்பு முழுவதும் திரும்பக் கிடைக்கிறது. ஒத்திகையில் வராத புதுப் பிழைகளுக்கு மட்டும் ஃபேசெட்டுகளை இன்னொரு முறை பார்த்தால் போதும்.

இதில் ஒரு முள் இருக்கிறது. ஒற்றைக் கட்டத்தைக் கையால் திருத்தினால் அந்தத் திருத்தம் பதிவில் தெரியும், ஆனால் ஜேசனாக வெளியே எடுக்க முடியாது. ஆகவே தனித்தனி ஆள்களின் பிழைகளைப் பழைய மென்பொருளிலேயே திருத்திவிடுங்கள். இங்கே மொத்தமாகச் செய்ய வேண்டியதை மட்டும் செய்யுங்கள். உதவிப் பக்கத்தில் இது இருக்கிறது. ஆனால் ஒத்திகையின்போது அதைத் தேடிப் படிக்கிறவர் குறைவு.

குறைகள் உண்டு. விகார்ட் கோப்பை (தொடர்பு விவரங்களை அட்டை அட்டையாக வைக்கும் வடிவம்) இது நேராக அட்டவணையாக வாசிக்காது. பழைய மென்பொருளால் சிஎஸ்வி தர முடியாது என்றால் முதலில் வேறு கருவி தேவை. இருவர் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலில் வேலை செய்ய வசதியாக இது கட்டப்படவில்லை. நிறுவனம், அதில் உள்ள ஆள்கள், ஒவ்வொருவருடனும் பேசியதன் குறிப்புகள் என்று மூன்று கோப்புகள் இருந்தால் அவற்றைக் கோக்கச் சிறிய கட்டளை எழுதத் தெரிய வேண்டும். அதற்கும் பழைய மென்பொருள் தந்த அடையாள எண் வேண்டும். புதியதில் ‘பழைய எண்’ என்றொரு புலத்தைத் திறந்து அதைக் கூடவே கொண்டுபோனால், நிறுவனம் முதலில், ஆள்கள் அடுத்து, குறிப்புகள் கடைசியில் என்று ஏற்றும்போது எது எதனுடன் சேரும் என்பதில் குழப்பம் வராது. இணைப்புக் கோப்புகளும் பழைய மின்னஞ்சல் கடிதங்களும் சிஎஸ்வியில் வரவே வராது. அவற்றுக்கு இந்தக் கருவியைத் திட்டிப் பயனில்லை.

ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு ஃபேசெட் வையுங்கள்: மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம் என்று சொன்னவர்களின் நெடுவரிசையில். எங்களுடையதில் ‘ஆம்’, ‘1’, வெற்றிடம் என்று மூன்று விதமாக இருந்தது. பழைய மென்பொருளில் அந்தப் புலம் ‘அனுப்ப வேண்டாம்’. புதியதில் அதற்கு இணையாக இருந்த புலம் ‘அனுப்பலாம்’. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இறக்குமதித் திரை இரண்டையும் தானாகவே ஜோடி சேர்த்து, பச்சை டிக் போட்டுக் காட்டியது. மதிப்புகளைத் தலைகீழாக மாற்றாமல் அதை ஒப்புக்கொண்டால், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் குறி பார்த்து மடல் போகும்.