மலையிலிருந்து இறங்க எந்தக் கார்: கியர் போடும் பெட்ரோலா, மின்காரா?

2024-ஆம் ஆண்டின் கடைசியில் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் புதுக் கார் வாங்க முடிவு செய்தோம். பல வண்டிகளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சியவை ஒரே பெயரில் வரும் இரண்டு வண்டிகள். ஒன்று, கையால் கியர் போடும் டாடா பஞ்ச் பெட்ரோல். மற்றொன்று, அப்போது 35 யூனிட் மின்கலத்துடன் விற்பனையில் இருந்த பஞ்ச் மின்கார். நான் மின்காரை வாங்கினேன். பதினான்கு மாதங்களில் பதினாறாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டியிருக்கிறேன், அதில் பெரும்பகுதி மலைப்பாதை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் எல்லோருக்கும் இதையே சிபாரிசு செய்யமாட்டேன்.

எளிதில் தெரிந்துவிடும் விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மின்கார் விலை சில லட்சம் அதிகம், ஓட்டும் செலவு மிகக் குறைவு. மேட்டுப்பாளையம் போய்வர 66 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் வண்டியில் இதற்கு ஐந்து லிட்டருக்கு மேல் ஆனது. இப்போது வீட்டு மின்சாரத்தில் ஒன்பது யூனிட் அளவில் முடிந்துவிடுகிறது. உள்ளே இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. மின்மோட்டாருக்கு அந்தக் குறை கிடையாது. ஆகவே ஏற்றத்தில் போட்டியே இல்லை.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் நட்சத்திரங்களைக் கேட்கிறார்கள். பெட்ரோல் பஞ்ச் 2021-இல் குளோபல் என்கேப் மோதல் தேர்விலும், மின்கார் 2024-இல் பாரத் என்கேப் மோதல் தேர்விலும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. ஆனால் இரண்டும் ஒரே தேர்வு அல்ல. 2021-இல் நடந்தது பழைய பாடத்திட்டம். பக்கவாட்டு மோதலும் வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி. அமைப்பும் ஐந்து நட்சத்திரத்துக்கான நிபந்தனைகளாக அதற்குப் பிறகே சேர்க்கப்பட்டன. எப்படியிருந்தாலும், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பில் மோதவிட்டுப் பார்க்கும் தேர்வு, மோதினால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லுமே தவிர, முப்பது கிலோமீட்டர் இறக்கத்தில் பிரேக் கடைசிவரை பிடிக்குமா என்பதைச் சொல்லாது. மலையில் குடியிருப்பவருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் அன்றாடம் வருவது.

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டரில். ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள ஒரு வண்டி இந்த 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஆறு யூனிட்டுக்குச் சற்று மேல். அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. டயர் உராய்வும் காற்றின் தடையும் அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், மீதி நான்கு யூனிட் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். வேறு வழி கொடுக்காமல் காலை பிரேக்கில் வைத்தபடியே இறங்கினால், அவ்வளவும் நான்கு சக்கரங்களிலுள்ள பிரேக்குகளில் போய்ச் சேரும்.

அது எப்படி இருக்கும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் ஆட்டோமேட்டிக் காரில் குடும்பத்தோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் சமவெளிக்காரர். கியரை ‘டி’-யிலேயே விட்டிருந்தார், வண்டி வேகம் எடுக்கும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தார். அரவேணு தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கருகிய வாடை வந்தது. முன்னால் போகும் லாரியின் வாடை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குஞ்சப்பனைக்கு அருகில் ஒரு வளைவில் மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது, வண்டியோ நினைத்த இடத்தில் நிற்கவில்லை. நல்லவேளையாக எதிரே எதுவும் வரவில்லை. ஓரம் கட்டிப் பார்த்தால் முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. கையை அருகில் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பின்சீட்டில் இருந்த என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்த வண்டியிலும் கையால் கியரைக் குறைக்கும் வசதி இருந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

மேட்டுப்பாளையத்தில் பழைய வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “பிரேக் ஆயில் எப்போ சார் மாத்தினீங்க?” என்பதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும்; ஈரம் ஏறிய பிறகு தாங்கவேண்டிய அளவு 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும், அதனால்தான் பெடல் கீழே போகிறது. ஆண்டில் பாதி நாள் மிஸ்ட் சூழ்ந்திருக்கும் எங்கள் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆயிலை மாற்றுவது கட்டாயம், எந்த வண்டியானாலும். “பிரேக்கை நம்பி இறங்காதீங்க சார், கியரை நம்பி இறங்குங்க” என்றும் அவர் சொன்னார். வண்டி தேடியபோது நான் கையில் வைத்திருந்த அளவுகோல் அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த அளவுகோலில் பெட்ரோல் வண்டி நன்றாகவே தேறுகிறது. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றவேண்டியிருக்கும். அந்தச் சுமையே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. இப்போதைய எஞ்சின்களில் அந்நேரம் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடுகிறது. ஆகவே பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறக்குபவர்கள் ஒரு சொட்டும் மிச்சம் பிடிப்பதில்லை, எஞ்சின் ஓய்வில் ஓடுவதற்கான பெட்ரோலைத்தான் கூடுதலாக எரிக்கிறார்கள். எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குபவர்கள் அதைவிட ஆபத்தானவர்கள். பிரேக் பூஸ்டரின் உதவியும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்து போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதையின் மிகப் பழைய பாடம். அதைக் கடைப்பிடிக்கிற ஓட்டுநருக்குக் கியர் வண்டி இன்றும் நம்பிக்கையானது. குறை ஒன்றுதான். சரியான கியரை ஓட்டுநரே தேர்ந்தெடுக்கவேண்டும், ஒவ்வொரு வளைவிலும் நினைவு வைத்திருக்கவேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பேர் ஓட்டுகிறோம், மூவருக்கும் ஒரே பழக்கம் இல்லை.

மின்காரில் எஞ்சின் இல்லை, குறைக்கக் கியரும் இல்லை. அதற்குப் பதிலாக, காலை எடுத்தவுடன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கி மின்கலத்துக்கு அனுப்புகிறது. ரீஜென் என்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள இரண்டு சிறு நெம்புகோல்களால் இதை 0 முதல் 3 வரை மாற்றிக்கொள்ளலாம். நான் அரவேணுவிலேயே 3-க்கு மாற்றிவிடுகிறேன். பிறகு நேர்ப்பகுதிகளில் பிரேக்கைத் தொடவேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை, கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் மட்டும் லேசாக மிதிக்கிறேன். முதல் மாதம் ஒருநாள் குஞ்சப்பனையில் வேண்டுமென்றே அதே இடத்துக்கு அருகில் நிறுத்தி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தபோது, வீட்டிலிருந்து 80 சதவீதத்தோடு கிளம்பிய மின்கலம் 86 காட்டியது. பிரேக்கைக் கருக்கியிருக்கவேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி, திரும்பி ஏறுவதற்கான மின்சாரமாகக் கையில் இருந்தது. ஏறும்போது 27 சதவீதம் வரை செலவாகிறது என்பதையும் சொல்லவேண்டும். இறங்கும்போது கிடைப்பது அதில் கால்பங்குகூட இல்லை. எனக்கு அந்த ஆறு சதவீதத்தைவிட வெதுவெதுப்பாக இருந்த அந்தச் சக்கரம்தான் பெரிது.

ஆனால் இதே வண்டியை மிக ஆபத்தானதாக மாற்ற ஒரே ஒரு தவறு போதும். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, விற்பனைக் கூடத்திலும் பேச்சு எழவில்லை. மின்கலம் நிரம்பியிருந்தால் ரீஜென் மின்சாரத்தை ஏற்க அதில் இடமில்லை. வாங்கிய இரண்டாவது வாரத்தில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, 100 சதவீதத்தோடு காலையில் கிளம்பினேன். அரவேணு இறக்கத்தில் 3-க்கு மாற்றினேன், காலை எடுத்தேன். வண்டி பிடிக்கவில்லை. நியூட்ரலில் விட்டதைப் போல உருண்டு வேகமெடுத்தது. கியர் வண்டியாக இருந்தால் இரண்டாவது கியர் இருந்திருக்கும், இதில் அதுவும் இல்லை; சக்கர பிரேக் மட்டுமே மிச்சம். அதாவது, நிரம்பிய மின்கலத்தோடு மலை உச்சியில் நிற்கும் மின்கார், பெட்ரோல் வண்டியைவிட ஒரு படி கீழே. அன்று அங்கங்கே நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டு இறங்கினேன்.

சமவெளியில் வீடு இருப்பவருக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் நிரம்பிய மின்கலத்தோடு அவர் முதலில் ஏறுகிறார். வீடு மேலே இருப்பவருக்குத்தான் எல்லாம் தலைகீழ். அவரைவிட அதிகமாக நான் கவலைப்படுவது, கோவையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ மின்காரில் வந்து, குன்னூரிலோ ஊட்டியிலோ தங்குமிடத்தில் இரவு முழுக்க இலவசமாகச் சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் மகிழ்ச்சியோடு பர்லியார் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கப் போகிறவர்களைப் பற்றி. சார்ஜ் வசதி வைத்திருக்கும் தங்குமிடங்கள் 80-க்கு மேல் போடவேண்டாம் என்று பிளக்குக்கு மேலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கவேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

என் வீட்டில் இப்போது சார்ஜ் இரவில் தொடங்கி, 80 சதவீதத்தில் நிறுத்தப்படுகிறது. சுவர்ச் சாக்கெட்டில் மெதுவாகத்தான் ஏறும் என்றாலும், 30 சதவீதத்திலிருந்து 80-ஐ எட்ட ஓர் இரவு போதும். 80-இல் கிளம்பினாலும் கோவைக்குப் போய்த் திரும்பி வீடு சேரும்போது ஏறக்குறைய 30 மிஞ்சுகிறது. எனவே நிரப்பவேண்டிய தேவை எனக்கு வருவதே இல்லை.

குளிரையும் கணக்கில் எடுக்கவேண்டும். லித்தியம் மின்கலம் கடுங்குளிரில் மின்சாரத்தை வேகமாக உள்வாங்காது. கோத்தகிரியில் இது என்னைப் பெரிதாகத் தொட்டதில்லை. ஆனால் ஒரு ஜனவரி விடியலில் ஊட்டிக்கு வெளியே தலைகுந்தாவில், புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்திருந்தபோது வண்டியை எடுத்தேன். முதல் சில கிலோமீட்டருக்கு ரீஜென் பிடிப்பு குறைவாகவே இருந்தது. ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், ஆகவே இதை விதியாகச் சொல்லமாட்டேன். இன்னொன்று, பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்துவதால் மழைக்காலத்தில் டிஸ்க்குகளில் துரு படிகிறது. வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் வராத நேர்ச்சாலையில் ரீஜெனை 0-க்கு வைத்து நாலைந்து முறை நன்றாக மிதித்து நிறுத்துகிறேன், துரு தேய்ந்துவிடுகிறது. ஈரமான வளைவுகளில் 3-ஐத் தவிர்த்து 2-இல் இறங்குகிறேன், ஏனென்றால் முழுப் பிடிப்பும் முன்சக்கரங்களில் மட்டுமே விழுகிறது.

தென்மேற்குப் பருவமழையில் சீகை மரமோ கற்பூர மரமோ கம்பிமேல் சாய்ந்துவிட்டால், மின்சாரம் ஒரு நாள் முழுக்க இல்லாமல் போவது இங்கே புதிதல்ல. அப்படிப்பட்ட நாட்களில் பெட்ரோல் வண்டிதான் மேல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நான் மின்கலத்தை 50-க்குக் கீழே இறங்கவிடுவதில்லை.

பத்து ஆண்டு கழித்து மின்கலம் எப்படி இருக்கும், மறுவிற்பனையில் என்ன விலை கிடைக்கும் என்பதைப் பற்றி என் பதினான்கு மாத அனுபவம் எதுவும் சொல்லாது. நான் வாங்கியபோது மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுத்தார்கள். அதற்குள் வண்டியை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. நாலைந்து ஆண்டில் மாற்றிவிடுபவர் என்றால், எளிதில் கைமாறும் பெட்ரோல் வண்டியை வாங்குவதில் தவறே இல்லை.

கூடலூரிலுள்ள என் மைத்துனர் இரண்டு மாதம் முன்பு இதே கேள்வியோடு வந்தார். அவர் வீட்டு வாசல்வரை வண்டி போகாது. கீழே சாலையோரத்தில்தான் நிறுத்தவேண்டும், அங்கே பிளக் கிடையாது. “மச்சான், நீங்க கியர் வண்டியே வாங்குங்க, ஆட்டோமேட்டிக் வேண்டாம்” என்றேன். பெட்ரோல் பஞ்சையே எடுத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கினோம். வழிநெடுக அவர் இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். கீழே வந்ததும் சக்கரத்தின் அருகே கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, வாடை இல்லை.