சினாப்ஸ் மாதிரி கிட்: சேர்வதைக் காட்டுகிறது, பிரிவதைக் காட்டவில்லை

மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். பிள்ளைகள் சினாப்ஸை, அதாவது இரண்டு நரம்புச் செல்கள் சந்தித்துச் செய்தி கடத்தும் இடத்தை, அழகாகப் படம் வரைந்து பாகம் குறித்துவிடுவார்கள். "அது அங்கே எப்படி வந்தது மிஸ்?" என்று ஒருவர் கேட்டால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. அதற்காகத்தான் இந்த கிட்டை வாங்கினேன். வாங்கியதில் எனக்கு மகிழ்ச்சியே.

முதலில் ஆக்ஸான் (நரம்புச் செல்லிலிருந்து நீளும் இழை) நுனியிலுள்ள வளர்கூம்பு. நரம்பியல் அறிஞர் கஹால் 1890-இல் கோழிக் கருவில் கண்டு எழுதியது இதைத்தான். ரப்பரில் செய்த அதன் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைகின்றன. துழாவித் துழாவி வழி தேடுவது என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

அடுத்தது காந்தத் துண்டுகள். ஆக்ஸான் பக்கம் நியூரெக்சின், எதிர்ப்பக்கம் நியூரோலிஜின் என்ற ஒட்டுப் புரதங்கள். இரண்டும் 'டக்' என்று ஒட்டியதும் ஆக்ஸானுக்குள் கிடக்கும் வெசிக்கிள் (செய்தி கடத்தும் வேதிப்பொருள் நிரம்பிய நுண்பை) மணிகள் நகர்ந்து அந்த இடத்தில் கூடுகின்றன. கூடவே நரம்புச் செல்லே அல்லாத ஒரு சாதாரணச் செல்லும் தந்திருக்கிறார்கள். அதில் நியூரோலிஜினைப் பொருத்தி ஆக்ஸான் அருகே கொண்டுபோனாலும் மணிகள் வந்து குவிகின்றன! 2000-இல் வெளியான உண்மைச் சோதனை இது. இதை யோசித்துச் சேர்த்தவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கையேட்டில், இந்த ஜோடி இல்லாவிட்டால் சினாப்ஸே உருவாகாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது தவறு. மூன்று நியூரோலிஜின் மரபணுக்களை நீக்கிய எலிகள் பிறந்தவுடன் இறந்துவிட்டாலும், அவற்றின் மூளையில் சினாப்ஸ்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. அவை சரியாக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். வேறு ஒட்டுப் புரதங்களும் இருக்கின்றன. அளவும் இடிக்கிறது. வெசிக்கிள் சுமார் 40 நானோமீட்டர், இரு செல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுமார் 20. கிட்டிலோ அந்த இடைவெளியில் நாலைந்து மணிகளை வரிசையாக வைக்கலாம்.

நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல் பெட்டியிலேயே இல்லை. அது சுரக்கும் திராம்போஸ்பாண்டின் என்ற புரதம் சினாப்ஸ் உருவாவதைத் தூண்டுகிறது என்று 2005-இலேயே காட்டிவிட்டார்கள்.

என் பெரிய குறை காந்தத்தின் பலம். ஒட்டிய துண்டுகளைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. வளரும் மூளை அப்படி இல்லை. மனித மூளையின் முன்மடல் புறணியில் ஒன்று, இரண்டு வயதில் சினாப்ஸ் அடர்த்தி பெரியவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்று 1979-இல் நரம்பியல் மருத்துவர் ஹட்டன்லோக்கர் எண்ணிச் சொன்னார். மிகுதி பின்னால் கழிக்கப்படுகிறது. மூளையின் பாதுகாப்புச் செல்களான மைக்ரோகிளியா அவற்றில் பலவற்றை விழுங்கிவிடுகின்றன. கழிவதைக் காட்டாமல் உருவாவதை மட்டும் காட்டினால் பாடம் பாதியில் நிற்கிறது.

நான் சில காந்தங்களின் மேல் மெல்லிய அட்டை ஒட்டிப் பிடியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். செல்லை லேசாக ஆட்டினாலே அவை கழன்றுவிடும், மற்றவை நிற்கும். வாங்குபவர்கள் இதைச் செய்துகொள்ளுங்கள், கையேட்டின் அந்த வரியையும் அடித்துவிடுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.