மரபு வில்லோடு நான்கு ஆண்டுகள்: எதை வாங்கினேன், ஏன் மாற்றினேன்

அடிப்படைப் பயிற்சி முடிந்தபோது என் கையில் இருந்தது பயிற்சிக்கூடத்தின் 24 பவுண்டு ரிகர்வ், அதாவது நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில். பவுண்டு என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, வில்லின் எடை அல்ல. குறிபார்க்கும் கருவி, வில் ஆடாமலிருக்க உதவும் ஸ்டெபிலைசர் தண்டு எல்லாம் பூட்டியது. அவை எதுவும் இல்லாமல் வெறும் வில், நாண், அம்பு என்று எய்ய வேண்டும் என்ற ஆசையில் நான் வாங்கியது 60 அங்குல நீளத்தில், ஒரே துண்டாகச் செய்த 45 பவுண்டு ரிகர்வ். மரத்தின் வரிகளைப் பார்த்தே மயங்கிவிட்டேன். கடையில் இரண்டு முறை இழுத்தேன், வந்தது. சரி, இதுதான் நம் வில் என்று தூக்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு முறை இழுப்பது வேறு, ஒரே நாளில் நூறு அம்பு எய்வது வேறு. இருபது அம்பு தாண்டியதுமே நாண் தாடைக்கு வந்து சேருமுன் விரல்கள் தானாக விட்டுவிடும். குறி பார்க்க நேரமே இருக்காது. மூன்று மாதத்தில் பயிற்சிக்கூடத்தில் கற்றதெல்லாம் போய், அவசரமாக இழுத்து அவசரமாக விடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. தோள்வலி தனிக்கதை.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுவைக்கானது (இழுவை என்றால் நாணை இழுக்கும் நீளம்) என்று எனக்குத் தெரியும். ஆனால் என் இழுவை எவ்வளவு என்று அளந்து பார்க்கத் தோன்றவில்லை. 29½ அங்குலம். அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு கூடும் என்றால், நான் இழுத்துக்கொண்டிருந்தது 48, 49 பவுண்டு. அதோடு குட்டை வில்லை நீளமாக இழுத்தால் கடைசி அங்குலத்தில் பாரம் திடீரென்று ஏறும். ஸ்டாக்கிங் என்பார்கள். நாண் வளையும் கோணமும் கூர்மையாகி விரல்களை நெரிக்கும். நீளமாக இழுப்பவர்கள் 64 அங்குலத்துக்குக் குறைந்த ரிகர்வைத் தொடும் முன் முழுதாக இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வாங்கியதுதான் லிம்பை, அதாவது வில்லின் வளையும் கரங்களை, கழற்றி மாற்றக்கூடிய டேக்டவுன். 64 அங்குலம், 32 பவுண்டு லிம்ப். அதை வாங்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து எடுத்த வில்கள் நூறு பவுண்டுக்கு மேல் இருந்திருக்கும் என்கிறார்கள், நாமோ 32க்கு வந்து நிற்கிறோமே என்று. அவர்கள் சிறுவயதிலிருந்து அதற்கென்றே பழகியவர்கள் என்பதை என் தோள்தான் எனக்கு நினைவூட்டியது. ஒன்றரை ஆண்டு கழித்து லிம்பை மட்டும் 38க்கு மாற்றினேன். நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: அறுபதாவது அம்பிலும் முழுதாக இழுத்து ஐந்து விநாடி நடுங்காமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் அடுத்த லிம்ப்.

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பார்கள். என் விஷயத்தில் அம்பைத்தான் நொந்திருக்க வேண்டும். 45 பவுண்டுக்கு வாங்கிய விறைப்பான அம்புகளையே 32இலும் எய்துவிட்டு, எல்லாம் இடப்பக்கம் போகிறதே என்று இரண்டு மாதம் என் விரல்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இறகில்லாத ஒரு தண்டையும் சேர்த்து எய்தபோதுதான் விளங்கியது. வலக்கைக்காரர் எய்தால், இறகுள்ள அம்புகளுக்கு இடப்பக்கம் அது விழுந்தால் தண்டு அதிக விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் அதிக நெகிழ்வு. முனையைக் கொஞ்சம் கனமாக்கினேன், பாதி சரியானது. மீதிக்கு நெகிழ்வான தண்டு வாங்க வேண்டியிருந்தது. இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் வேனும் இங்கே வேண்டாம். வில்லில் அம்பு தாங்கும் இடமான ஷெல்ஃபில் உரசி அம்பை உதைத்துவிடும். இறகு உரசினாலும் மடிந்து கொடுக்கும்.

இடையில் நுனி முன்பக்கம் வளையாத 68 அங்குல லாங்போ ஒன்றும் சேர்ந்தது, 40 பவுண்டு. ரிகர்வைவிட வேகம் குறைவு. நாணை விட்டதும் பிடித்த கையில் ஓர் உதறல் வரும். பவுண்டுக்குப் பத்து கிரெயின் (அம்பின் எடையை அளக்கும் அலகு) கணக்கில் 400 கிரெயின் அம்புதான் முதலில் போட்டேன். 480க்கு ஏற்றியதும் உதறல் பாதியாகக் குறைந்தது, சத்தமும்தான். நிதானமாக எய்யத் தோன்றும் நாளில் கை அதைத்தான் தேடுகிறது. குதிரை வில்லை ஒரு வாரம் இரவல் வாங்கியதோடு சரி. ஷெல்ஃப் கிடையாது, அம்பு கைமேலேயே ஓடும், இறகின் அடித்தண்டு கிழித்த கோடு இன்னும் விரலில் இருக்கிறது.

பராமரிப்பில் ஒரே ஒரு முறை சோம்பல்பட்டேன். நாணேற்ற உதவும் கயிறான ஸ்டிரிங்கரை எடுக்காமல், காலுக்கு நடுவே விட்டு வளைத்து நாணேற்றியதில் கீழ் லிம்ப் லேசாக முறுக்கிக்கொண்டது. அதை நேராக்கப் பல நாள் பிடித்தது. புது நாண் முதல் நூறு அம்பு வரை நீளும். எய்யும்போது சத்தம் மாறினால் பிரேஸ் ஹைட் (நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி) இறங்கியிருக்கிறது என்று பொருள், நாணில் நாலு முறுக்கு கூட்டினால் போதும்.

அந்த 45 பவுண்டு வில்லைப் போன ஆண்டு உடன் எய்யும் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவருடைய இழுவை 26 அங்குலம், ஆகவே அவர் கையில் அது ஏறக்குறைய 40 பவுண்டுதான். ஸ்டாக்கிங்கா, அப்படியென்றால் என்ன என்று கேட்கிறார்.