கோணல் மூலைக்குக் கருங்கல் கட்டா, புளொக் சுவரா?

மட்டக்களப்பு மணலில் நாலடி மண்ணைத் தாங்கும் சுவரின் கோணல் மூலைக்கு (90 பாகை இல்லாத மூலைக்கு) கருங்கல்தான் தோது. எந்தக் கோணத்துக்கும் கல்லைப் பொறுக்கித் திருப்பி வைக்கலாம். மூலையில் நீளக் கற்களை வரிக்கு வரி மாற்றி இருபக்கச் சுவருக்குள்ளும் ஓடவிட வேண்டும். அடியில் இரண்டரை அடி, மேலே ஒன்றேகால் அடி அகலம். வளவைத் தின்னும், அதுதான் குறை.

ஆறங்குலப் புளொக் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கோணல் மூலையில் புளொக்கை வெட்டி ஒட்டினால் பிணைப்பு அறும். மாரியில் அங்கேதான் வெடிக்கும். அத்திவாரத்திலிருந்தே 12 மில்லிமீற்றர் கம்பி நாலு போட்டுக் கொங்கிரீட் தூண் எழுப்பி, கிடைக்கம்பியை இருபக்கச் சுவருக்குள்ளும் இரண்டடி வளைத்து விடுங்கள். வெறும் புளொக்கை இரண்டடிக்கு மேல் நம்பவேண்டாம்.

இரண்டு வகைச் சுவருக்கும் தண்ணீர் வடிய ஐந்தடிக்கொரு இரண்டங்குலக் குழாய், பின்னால் ஓரடிச் சல்லி, சல்லிக்கும் மணலுக்கும் நடுவே தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் மணல் குழாயால் ஒழுகி முற்றம் பள்ளமாகும்.